இசைத்தட்டுகளை ஏற்ற வரும் வண்டி

உன் அப்பாவின் இசைத்தட்டுகளை எடுத்துப்போக வரும் ஞாயிற்றுக்கிழமை வண்டி அனுப்புவதாக நீ போனில் எழுதியிருந்ததைப் படித்தேன். அதே வண்டியில் என்னையும் ஏற்றிவரச் சொல்லியிருப்பதை அடுத்த வரியில் படித்தேன். அதற்குக் கீழே, மறதிக்கு வைத்தியம் பார்க்கும் சென்னை டாக்டர் ஒருவரிடம் எனக்கு நேரம் வாங்கியிருப்பதாக உன் மனைவி எழுதியிருக்கிறாள். பிழையில்லாமல், மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறாள். அவளைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. குறை சொல்வதற்குக்கூட இப்போதெல்லாம் அலுப்பாக இருக்கிறது. ஆனால் நீங்கள் இருவரும் ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். அதைத் திருத்தாமல் நான் அந்த வண்டியில் ஏற முடியாது. போனில் பேசினால் சரிவராது. ஏன் சரிவராது என்று சொல்வதற்குத்தான் இவ்வளவு காகிதம். நிதானமாகப் படி. படித்து முடித்ததும் அவளிடமும் கொடு.

நீ இந்தத் தட்டுகளைத் தேடி வந்ததில் எனக்கு மெய்யாகவே சந்தோஷம். பள்ளிக்கூடம் போகும் வயதில் நீ அவற்றைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. சாயங்காலம் உன் அப்பா ஊசியை வைத்ததும் காதைப் பொத்திக்கொண்டு மிளகுக் கொடிப் பக்கம் ஓடுவாய். "நம்ம ஊட்டுல மட்டும் ஏம்ப்பா யாருக்குமே தெரியாத பாட்டு ஓடுது?" என்று ஒருநாள் கேட்டாய். ஊடு இல்லை, வீடு என்று நான் திருத்தினேன். "திருத்துனது போதும், அவன் கேட்டதுக்குப் பதில் சொல்லு" என்று உன் அப்பா சிரித்தார். இப்போது உனக்குத் தலை நரைத்த பிறகு, அப்பாவும் போன பிறகு, அதே பாட்டுகளை ஊர் ஊராக இளவட்டங்கள் தேடி அலைகிறார்கள் என்று கம்ப்யூட்டரில் பார்த்துத் தெரிந்துகொண்டாய். சென்னையில் ஓர் அறை பிடித்து, சனிக்கிழமை தோறும் நாலு பேரைக் கூட்டி உட்கார வைத்து, எழுபதுகளில் வெளிவந்து விலைபோகாத ஒரு தட்டை இரண்டு பக்கமும் பேசாமல் கேட்க வைக்கிறாய். பேசாமல் கேட்க வைப்பது பெரிய காரியம். நான் படித்த கான்வென்டில் சிஸ்டர்களுக்கே அது எளிதாக வந்ததில்லை.

நான் முன்பு கொடுத்தனுப்பிய சில தட்டுகளுக்கு நீ எழுதி அனுப்பும் அறிமுகக் குறிப்புகள் எல்லாவற்றையும் படிக்கிறேன். இரண்டு விஷயம் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஒவ்வொன்றிலும் 'கண்டெடுத்தேன்' என்று எழுதுகிறாய். உலகம் கவனிக்காமல் விட்டது என்று எழுது, அது உண்மை. காணாமல் போனது என்று எழுதாதே. அவை நம் வீட்டுக் கூடத்து அலமாரியில் இருந்தன. இரண்டு பேர் இரண்டு நாற்காலியில் உட்கார்ந்து, கரண்ட் இருந்த சாயங்காலங்களில் எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். இரண்டாவது, பாடியவர்களின் கஷ்டக் கதையைப் பாட்டுக்கு முன்னால் சொல்கிறாய். குடித்தே அழிந்தான், வறுமையில் செத்தாள் என்று முதலில் சொல்லிவிட்டால் கேட்கிறவன் துக்கம் விசாரிக்க வந்தவன் போல உட்கார்ந்திருப்பான். முதலில் பாட்டைப் போடு. கதை பிறகு வரட்டும். வராமல் போனாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

இன்னொன்றும் உண்டு. யாரும் வாங்கவில்லை என்பதாலேயே ஒரு தட்டு உயர்ந்ததாகிவிடாது. வாங்காமல் விட்டவர்கள் சில சமயம் சரியாகவே செய்திருக்கிறார்கள். 'பல்லுக்காரர்கள்' என்று நாங்கள் பெயர் வைத்திருந்தோமே, அட்டையில் ஐந்து பேர் எல்லாப் பல்லையும் காட்டிக்கொண்டு நிற்பார்களே, அந்த பாப் தட்டு படு மோசம். உன் அப்பா அதை நம் வீட்டுக்கு வந்து எழுந்து போகத் தெரியாத விருந்தாளிகளுக்கென்று வைத்திருந்தார். அதைப் போட்டதும் கிளம்பிவிடுவார்கள். அதையும் நீ 'அரிய பொக்கிஷம்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் இருந்திருந்தால் உருண்டு புரண்டிருப்பார்.

அவை எப்படி இந்த மலைக்கு வந்தன என்று உன் அறையில் யாராவது கேட்டால் சரியாகச் சொல். சேந்தமங்கலத்தில் ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்திருந்த ஒரு பாய் பட்டணத்தில் மூடிப்போன கடைகளின் சரக்கை மொத்தமாக எடுத்து வருவார். சினிமாப் பாட்டெல்லாம் உடனே விற்றுவிடும். வெளிநாட்டுத் தட்டுகள் மூலையில் கிடக்கும். உன் அப்பா அப்போது இங்கே மாட்டு டாக்டர். மருந்து வாங்கக் கீழே போகும்போது கடையில் எட்டிப் பார்ப்பார். "டாக்டருங்களே, ஒருத்தனும் தொடாத சரக்கு வந்து கெடக்குது. உங்களுக்குன்னே அனுப்புன மாதிரி" என்று பாய் கிண்டல் செய்வார். "ஒருத்தனும் தொடலேன்னா கீறலும் இருக்காது பாய், கட்டுங்க" என்பார் உன் அப்பா. சாக்கில் சுற்றி, பஸ் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வைத்து, அடிவாரத்துக் காரவள்ளி தாண்டி அத்தனை வளைவுகளிலும் குலுங்காமல் கையால் பிடித்துக்கொண்டே கொண்டு வருவார். எந்த நாடு, அட்டையில் பெயர் போட்டிருந்தவர்கள் யார் என்று எங்களுக்கு ஒன்றும் தெரியாது. எழுதிச் சொல்லும் பத்திரிகை எதுவும் இங்கே வந்ததில்லை. அட்டையைப் பார்த்து நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். பஸ் நிறுத்தத்தில் மஞ்சள் கோட்டுப் போட்ட கறுப்பினப் பெண் நிற்பாளே, அவள் 'மஞ்சள் கோட்டு'. மலைச்சரிவில் ஆடுகளோடு கிட்டார் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர் 'அண்ணன் தம்பி'. அவர்கள் பாடியது அந்த ஊர் நாட்டுப்புறப் பாட்டு என்பதை உன் அப்பா கவனிப்பதற்கு ரொம்ப நாளாயிற்று. முதல் நாள் அவர் பார்த்ததெல்லாம் அட்டையில் இருந்த ஆட்டைத்தான். "முன்னங்கால்ல குளம்பு அழுகல். இதக் கவனிக்காம பாடிட்டு ஒக்காந்திருக்கானுங்க பாரு" என்றார்.

இனி நடந்ததற்கு வருகிறேன். போன மாதம் நீங்கள் இருவரும் வந்த அன்று காலை, நான் குளிக்கப் போயிருந்தபோது, நீ சமையலறைப் பரணில் ஏறி அட்டைகளை எல்லாம் இறக்கிவிட்டாய். நல்ல எண்ணத்தில்தான் செய்தாய். பரண் மேல் ஏன் அட்டை இருக்கிறது என்று நீ கேட்டிருக்க வேண்டும். இந்த மலையில் மழை மாதங்களில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும் என்பது உனக்குத் தெரியாததா? தட்டைத் துடைத்துவிடலாம், அட்டையில் பூஞ்சணம் பிடித்தால் பிடித்ததுதான். அதனால் உன் அப்பா தட்டுகளை வெறும் காகித உறையில் போட்டுக் கூடத்து அலமாரியில் வைத்தார். அட்டைகளை அடுப்புக்கு மேலே, மிளகு காயப்போடும் பரணில், சூடு படுகிற இடத்தில் அடுக்கினார். காகித உறையின் மூலையில் ஒரு எண் இருக்கும். எந்த எண்ணுக்கு எந்த அட்டை என்பது எங்கள் இருவருக்கும் மனப்பாடம். வேறு எங்கும் குறித்து வைக்கவில்லை. தேவைப்படவில்லை. நீ அந்த எண்களைப் பார்க்காமல், கைக்கு வந்த தட்டைக் கைக்கு வந்த அட்டைக்குள் போட்டு, காகித உறைகளைக் குப்பையில் எறிந்துவிட்டாய்.

அன்று சாயங்காலம் நீ ஒரு தட்டை வைத்தாய். கையில் மஞ்சள் கோட்டு அட்டை. சிரித்துக்கொண்டே என்னிடம் ஏதோ கேட்டாய். உன் வாயசைவைப் பார்த்து, "இது யாரும்மா?" என்று கேட்கிறாய் எனப் புரிந்துகொண்டேன். அட்டையைப் பார்த்தேன். பிறகு நான் பேசியது உங்கள் இருவருக்கும் நினைவிருக்கும். இந்தப் பெண் சர்ச்சில் பாடி வளர்ந்தவளாக இருக்க வேண்டும், வரி முடியும் இடத்தில் மூச்சை எப்படிப் பிடித்து வைக்கிறாள் பாருங்கள், மேலே போகும்போது கத்தாமல் எப்படிப் போகிறாள், நன்றாகக் கேளுங்கள் என்று பிரசங்கம் செய்தேன். விரலைக்கூட உயர்த்திக் காட்டினேன். உன் மனைவி உன்னைப் பார்த்தாள். நீ மெல்ல எழுந்து ஊசியைத் தூக்கினாய். என் முன்னால் மண்டியிட்டு, என் கையைப் பிடித்து, "நீங்க கொஞ்சம் படுங்கம்மா" என்றாய். அதை மட்டும் தெளிவாகக் கேட்டேன், ஏனென்றால் முகம் அத்தனை பக்கத்தில் இருந்தது. உன் கண் கலங்கியிருந்தது. எனக்குக் காரணம் தெரியவில்லை. அப்பா ஞாபகம் வந்துவிட்டது போல என்று நினைத்து உன் தலையைத் தடவினேன்.

நீங்கள் போன மறுநாள் அட்டைகளைச் சரிபார்க்க உட்கார்ந்தேன். தட்டின் நடுவே ஒட்டியிருக்கும் லேபிளைப் பார்த்தால், மஞ்சள் கோட்டுக்குள் இருந்தது அண்ணன் தம்பி. இரண்டு ஆம்பிளைகள் கிட்டார் அடித்துப் பாடிக்கொண்டிருந்தபோது நான் ஒரு பெண்ணின் குரலைப் பற்றி வகுப்பு எடுத்திருக்கிறேன். என் வாழ்க்கையில் நான் அவமானப்பட்ட சந்தர்ப்பங்கள் குறைவு. இது அதில் ஒன்று.

எனக்கு மறதி இல்லை கண்ணு. எனக்குக் காது கேட்கவில்லை.

எழுதிவிட்டேன். இந்த ஒரு வரியை எழுத இரண்டு மழைக்காலம் ஆகியிருக்கிறது. முதலில் போனது குருவிச் சத்தம். பறவைகள் இந்தப் பக்கம் வருவதில்லை என்று நினைத்தேன். வேலியில் உட்கார்ந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்த பிறகுதான் சந்தேகம் வந்தது. அடுத்துக் குக்கர். இதே மலையில் எடப்புளி நாட்டு ஊரிலிருந்து மிளகு பறிக்க வரும் பாப்பாத்தியை உனக்குத் தெரியும். ஒருநாள் தோட்டத்திலிருந்து ஓடி வந்து அடுப்பை அணைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றாள். "ஏனுங்கம்மா, குக்கரு கத்திக் கத்தித் தொண்ட கட்டிப்போச்சு, நீங்க மகராணியாட்டம் பேப்பரு படிச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கீங்க!" என்றாள். பருப்பு அடிபிடித்துக் கரியாகியிருந்தது. அவளிடம் யாருக்கும் சொல்லாதே என்றேன். "நாஞ் சொல்லமாட்டனுங்க, உங்க குக்கரே ஊருக்கெல்லாம் சொல்லிப்போடும்" என்றாள். பஸ் ஏறிவரும் சத்தம் கேட்கிறது. இடி கேட்கிறது. தாழ்ந்த சத்தங்கள் கேட்கும், மெல்லிய சத்தங்கள் கேட்காது. பேச்சு காதில் விழும், ஆனால் சொல்லாக விழாது. கான்வென்டில் உச்சரிப்பு வகுப்பில் சிஸ்டரின் வாயையே பார்த்துக்கொண்டிருக்கச் சொல்வார்கள். அந்தப் பழக்கத்தில்தான் இத்தனை நாளும் சமாளித்தேன். போனில் வாய் தெரியாது. அதனால்தான் நீ கூப்பிட்டால் எடுக்காமல் எழுதிப் பதில் அனுப்பினேன். அம்மா யாரிடமும் பேசாமல் ஒதுங்குகிறாள் என்று அதையும் நீங்கள் மறதிக் கணக்கில் சேர்த்துக்கொண்டீர்கள்.

இது எவ்வளவு களைப்பான வேலை என்று காது கேட்கிறவர்களுக்குத் தெரியாது. ஒருவர் அரை மணி நேரம் பேசிவிட்டுப் போனால், பாதியைக் கேட்டு மீதியை ஊகித்து, சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்து, இல்லை ஆமாம் இரண்டில் ஒன்றைத் துணிந்து சொல்லி, அவர் வாசல் தாண்டியதும் நான் போய்ப் படுத்துக்கொள்கிறேன். முதுகு வலிப்பதுபோலத் தலைக்குள் வலிக்கிறது.

நீ சந்தேகப்படுவாய் என்று தெரியும். மறதி உள்ளவர்கள்தான் மறதி இல்லை என்பார்கள் என்று அந்த டாக்டர்கூடச் சொல்லலாம். சரி, எழுந்து போய் அலமாரியைப் பார்க்காமல் எழுதுகிறேன், தட்டுகள் உன் கைக்கு வந்ததும் நீயே சரிபார்த்துக்கொள். மஞ்சள் கோட்டுத் தட்டை எடு. முதல் பக்கத்தின் முதல் பாட்டு தாளம் இல்லாமல் தொடங்கும். அவள் தனியாக இரண்டு வரி பாடிய பிறகு டிரம்ஸ்காரர் தயங்கிக்கொண்டு உள்ளே வருவார். மூன்றாவது பாட்டின் நடுவில் அவளே சிரித்துவிடுவாள், அதை அவர்கள் வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். பக்கத்தைத் திருப்பு. இரண்டாவது பாட்டில் ஆர்கன் மட்டும்தான், வேறு வாத்தியம் கிடையாது. அந்தப் பாட்டில் ஒரு கீறல் உண்டு. நீ தவழும் வயதில் பிளேயரைப் பிடித்து எழுந்து நின்றதில் விழுந்தது. ஊசி அங்கே வந்ததும் ஒரே சொல்லில் நின்று நின்று குதிக்கும், விரலால் லேசாகத் தள்ளிவிட வேண்டும். கடைசிப் பாட்டு முடியும்போது அவள் குரலை இறக்குவதில்லை. ஒலிப்பதிவைத்தான் மெல்லக் குறைக்கிறார்கள். அவள் பாடிக்கொண்டேதான் இருக்கிறாள், நமக்குத்தான் கேட்காமல் போகிறது. இது எல்லாம் எனக்கு இப்போதும் அப்படியே இருக்கிறது. போன தை மாதம் அந்தத் தட்டைக் கடைசியாகப் போட்டேன். பக்கத்து வீட்டில் யாரோ மாவு இடிப்பது போல ஒரு சத்தம் வந்தது. அவள் வரவில்லை. சத்தத்தைக் கூட்டிப் பார்த்தேன். இடிப்பதுதான் பலமாயிற்று.

ஏன் உன்னிடம் சொல்லவில்லை என்று கேட்பாய். அப்பா போன பிறகு சென்னைக்கு வந்துவிடு என்று நீ கூப்பிட்டபோது, இந்தத் தட்டுகளைக் கேட்டுக்கொண்டு இருக்கிறேன், எனக்கு இங்கே பொழுது போகிறது என்று பெருமையாகச் சொல்லி அனுப்பினேன். காது போய்விட்டது என்றால் அந்தக் காரணமும் போய்விடுமே. பிறகு என்ன சொல்லி இந்த வீட்டில் உட்கார்ந்திருப்பது? அதனால் வாயை மூடிக்கொண்டேன். என் அகங்காரம் இதில் பாதி. மீதி பயம். உன் மனைவியின் செய்தியைப் பாப்பாத்தியிடம் படித்துக் காட்டினேன். வேலையை விட்டுவிட்டு நிமிர்ந்து, என் முகத்துக்கு நேரே கத்தினாள். "மறதியா? உங்களுக்கா? போன வருசம் நா வாங்கிட்டுப் போன டிபன் பாக்ஸு மூடிய இன்னமும் கேட்டுக்கிட்டே இருக்கீங்களே சாமி! அந்த டாக்டருகிட்ட நா வந்து சாச்சி சொல்றனுங்க." மூடி இன்னும் வரவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

சென்னையில் உன் வீட்டைக் குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே வந்து நான் என்ன செய்வேன் என்று யோசித்துப் பார். நீ அடுத்த அறையிலிருந்து பேசுவாய், அவள் முதுகைக் காட்டிக்கொண்டு சமைத்தபடி பேசுவாள், டிவி ஒரு பக்கம் பேசும், காலிங் பெல் அடிக்கும். ஒன்றும் விளங்காமல் எல்லாரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டு சோபாவில் ஒரு கிழவி உட்கார்ந்திருப்பாள். அப்போது எனக்கு உண்மையிலேயே மறதி வந்தால்கூட யாருக்கும் வித்தியாசம் தெரியாது. இங்கே இந்த மலைக்காரர்கள் சரிவுக்குச் சரிவு கூப்பிட்டுப் பேசிப் பழகியவர்கள். எனக்காகக் கத்துவதில்லை, எல்லாரிடமும் கத்துகிறார்கள். அதனால் எனக்குப் பாதியாவது கேட்கிறது, எனக்காக என்று யாரும் பரிதாபப்படவும் இல்லை. இந்த வீட்டில் இருக்க எனக்கு இது போதுமான காரணம். பாட்டைச் சாக்காகச் சொல்லியிருக்கத் தேவையே இருக்கவில்லை.

வண்டியை அனுப்பு. தட்டுகளை எல்லாம் எடுத்துப் போ. ஒன்றுகூட எனக்கென்று வைக்காதே. பூஞ்சணத்தோடு சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை, கேட்காத காதுக்கு அவை இங்கே இருந்து பயனும் இல்லை. உன் அறையில் கேட்க ஆள் இருக்கிறார்கள். எங்கள் கூடத்தில் பாட்டுக் கேட்க இரண்டு பேருக்கு மேல் நாங்கள் யாரையும் உட்கார வைத்ததில்லை. இந்த வாரம் முழுக்க உட்கார்ந்து தட்டுக்கும் அட்டைக்கும் பொருத்தி வைத்துவிட்டேன், நீ மறுபடி கை வைக்காதே. பல்லுக்காரர்களை உன் அறிமுகத்தில் மட்டும் கொஞ்சம் இறக்கி எழுது.

நானும் அந்த வண்டியில் வருகிறேன். சேலம் வரைக்கும். மறதி டாக்டரை வேண்டாமென்று சொல்லிவிட்டு, சேலத்தில் ஒரு காது டாக்டரிடம் நேரம் வாங்கு. காதில் வைக்கும் மெஷின் எதைச் சொன்னாலும் வைத்துக்கொள்கிறேன், அசிங்கமாக இருக்கிறது என்று அடம் பிடிக்கமாட்டேன். அது வைத்தால் எல்லாம் திரும்பி வரும் என்று என்னிடம் யாரும் ஆசை காட்ட வேண்டாம். வருகிறது வரட்டும். இரண்டு நாளைக்குத் துணி எடுத்து வைத்திருக்கிறேன், அதற்கு மேல் எடுக்கவில்லை. பார்த்து முடித்ததும் என்னைத் திரும்ப இங்கே கொண்டுவந்து விட வேண்டும். இதில் எனக்கு உன் வாக்கு வேண்டும். வாயால் சொல்லாதே, எழுதி அனுப்பு.

டிரைவரை மட்டும் அனுப்பாமல் நீயே வா. வந்ததும் கேட்டில் நின்று ஹார்ன் அடிக்காதே, அம்மா அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டும் நிற்காதே. பதில் வரவில்லை என்று பயந்துபோவாய். கதவைத் தாழ்ப்பாள் போடமாட்டேன். நேராக உள்ளே வந்து, நான் பார்க்கிற இடத்தில் நில்.

அம்மா